படையும் குடியும்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பெருவழியை அடுத்துச் செம்பரம்பாக்கம் என்னும் ஊர் உளது. அவ்வூர்ப் பேரேரி சென்னை மக்களுக்குக் குடிநீர் வழங்கும் நீர்நிலைகளுள் ஒன்றாகும். ஏரியைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் இன்று தொழிற்சாலைகள் மலிந்துள்ளன. ஆயினும், பண்டு இந்நிலத்திற் பெரும்படைகள் பொருதன. ஏரிக்குத் தெற்கே சில கல் தொலைவில் மணிமங்கலம் இருக்கின்றது. சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் இடங்களில் வென்றான் என்று கூரம் செப்பேடு கூறுகின்றது. பின்னர், கி. பி. 642-இல் பல்லவர் படை சாளுக்கியர் தலைநகராகிய வாதாபியையே கைப்பற்றியது.

வென்ற மன்னரின் பெயரை வரலாறு கூறும். அம்மன்னர் பின் சென்ற வீரர் யாவர்? அவர்களைத் திரட்டியவர் யாவர்? அவர்களுக்குச் சோறிட்டவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கே வெற்றி தோல்விகளின் காரணம் விளங்கும்.

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படை அறுவகைப்படும் என்பர். வழிவழியாக அரசனைச் சார்ந்து நிற்பது மூலப்படை. பொருள் பெற்றுப் போர் புரிவது கூலிப்படை. இவற்றுள் மூலப்படையே சிறப்புடையது. அழிவு வந்துழியும் அஞ்சாது நிற்றல் அதன் இயல்பாகும்.

சோழர் காலத்துப் படையமைப்பைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. யானையாட்கள், குதிரைச் சேவகர், வில்லிகள், வேளைக்காரர் எனப் பல பிரிவுகள் அவற்றிற் பேசப்படுகின்றன. ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’ என்பது போலப் பல பிரிவுகள் அரசரின் பட்டப்பெயர்களைத் தாங்கி நின்றன. ‘தெரிந்த’ என்னும் சொல் தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள்படும். நெசவுத் தொழிலுக்குரிய கைக்கோளருள்ளும் படைவீரர் இருந்தனர். இப்படையினர் போர்க்களத்தோடு நின்றாரல்லர். சில பிரிவினர் கோயிலின் சிறு சன்னதிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். சிலர் கோயிற் பொருளைக் கடனாகப் பெற்று வட்டி செலுத்த உடன்பட்டனர். நாட்டின் வாழ்வோடு பிணைந்த படையாகவே அது விளங்கிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ சாக்சன் மக்களும் நிலத்தை அளவாகக் கொண்டு படை திரட்டினர். ஒரு குடும்பம் வாழ்வதற்குப் போதிய நிலம் ‘ஹைடு’ எனப்பட்டது. பார்க்ஷயர் என்னும் பகுதியில் ஐந்து ஹைடு நிலத்திற்கு ஒரு வீரன் செல்லுதல் வேண்டும். இரண்டு திங்கட் செலவிற்காக ஒவ்வொரு ஹைடும் அவனுக்கு 4 ஷில்லிங்கு கொடுத்தல் வேண்டும். இதனை 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏடு கூறுகின்றது. அழைப்புப் பெற்றும் செல்லாதவன் தன் நிலத்தை இழந்தான். ஒருவன் போருக்குச் செல்ல ஐவர் நிலம் அவனைத் தாங்கிற்று.

எல்லாரும் போருக்குச் சென்றால் ஏர் பிடிப்பார் யார்? இதனை உணர்ந்த ஆல்பிரெடு மன்னன் தன் படையை இரண்டாக வகுத்து, ஒரு பாதி களத்திலும் ஒரு பாதி வீட்டிலும் இருக்குமாறு முறை செய்தான். எனினும், உணவு தீர்ந்தால் எந்த முறையும் நில்லாது. 1066-ஆம் ஆண்டு கோடை முழுவதும் ஹெரால்டு மன்னனின் படை தென்கடற்கரையைக் காத்து நின்றது. செப்டம்பர் 8-ஆம் நாள் உணவு தீர்ந்தமையால் வீரர் வீடு திரும்பினர். அம்மாதம் 28-ஆம் நாள் நார்மண்டி வில்லியம் காவலற்ற அக்கரையில் இறங்கினான். அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்சுப் போரில் ஹெரால்டும் அவன் தம்பியர் இருவரும் மாண்டனர். படையை ஏற்று நடத்துவாரின்றி நாடு வீழ்ந்தது.

இதற்குப் பன்னீராண்டு முன்னர், 1054-இல், கொப்பம் என்னுமிடத்தில் சோழர்க்கும் சாளுக்கியர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. சோழன் முதலாம் இராசாதிராசன் யானைமீது இருந்தவாறே உயிர் நீத்தான். அரசன் வீழ்ந்தமை கண்டு படை கலங்கிற்று. அந்நிலையில் அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் முன் நின்று பொருது வென்று, அக்களத்திலேயே முடி சூடினான். கொப்பத்துப் போரை விரித்துரைக்கும் அவனது கல்வெட்டு ஒன்று மணிமங்கலத்துக் கோயிலிலேயே உள்ளது. இருகளத்தும் வீரத்திற்குக் குறைவில்லை. தலைவன் வீழ்ந்தபின் அவன் சுமையை ஏற்பார் இருந்தமையும் இல்லாமையுமே வேறுபாடு.

களத்தில் வீழ்ந்த எளிய வீரனையும் தமிழர் மறந்தாரல்லர். அவன் பெயர் பொறித்து நடுகல் நாட்டினர். அவன் குடும்பம் வாழ ‘உதிரப்பட்டி’ என்னும் நிலமும் வழங்கினர். தன் மனைவி மக்களை ஊர் காக்கும் என்னும் நம்பிக்கையே வீரனுக்கு மார்பிற் பூண்ட கவசமாகும். குடிகளைப் படை காக்கின்றது. படையைக் குடிகள் தாங்குகின்றனர். இவ்விரு கடன்களுள் ஒன்று தவறினும் மற்றொன்று நில்லாது.