எண்ணெய் போகும், உப்பு எங்கே போகும்?

போன மாசியில் எங்க ஊரில் ஒரு கூட்டம். எண்ணெய்க் கிணறு வேலை தெரிந்த ஒருவர் பேச வந்திருந்தார். "கிணத்துல எண்ணெயோட வர்ற தண்ணிய சுத்தம் பண்ணி பாசனத்துக்கே விடலாம். அமெரிக்காவுல பாதாம் தோப்புக்கு விடுறாங்க" என்றார். கடைமடைக்காரனுக்குக் கோடையில் தண்ணீர் என்றால் காது நீளத்தான் செய்யும். பக்கத்தில் இருந்த பெரியப்பா, "கேக்க நல்லாத்தான் இருக்கு, நீ என்னடா சொல்ற?" என்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

எண்ணெய் தனியாக வருவதில்லை. அதே பாறையில் பல லட்சம் ஆண்டுகளாகத் தேங்கிய தண்ணீரும் கூடவே ஏறி வரும். உலகக் கணக்கில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பீப்பாய் தண்ணீர். கிணறு பழசாகப் பழசாகத் தண்ணீர்தான் கூடும். அதில் எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு, போரான் எல்லாம் இருக்கும். சில இடங்களில் ரேடியமும் உண்டு.

பிசுக்கை எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தொட்டியில் தேங்க விட்டால் மேலே மிதக்கும், வழித்து எடுக்கலாம். மிச்சத்தைக் காற்றுக் குமிழி விட்டு மிதக்க வைக்கலாம், வடிகட்டலாம். நுண்ணுயிர்களும் எண்ணெயைத் தின்னும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. நம்ம ஆட்களிலேயே சிலர் "பஞ்சகவ்யம் ஊத்துனா சரியாயிடும்" என்கிறார்கள். ஆகாது. கரைந்த உப்பு வடிகட்டியிலும் நிற்காது. சவ்வு வைத்துப் பிரிக்க வேண்டும், அல்லது காய்ச்சி வடிக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம். பிரித்த பிறகும் கெட்டியான உப்புக் கரைசல் மிச்சமாகக் கையில் நிற்கும்.

கூட்டத்தில் சொன்ன அமெரிக்கக் கதை பொய்யில்லை. கலிபோர்னியாவில் கெர்ன் மாவட்டம். 1990களிலிருந்து எண்ணெய் வயல் தண்ணீரைத் தேங்க விட்டு, வால்நட் ஓட்டுத் தூளில் வடிகட்டி, நல்ல தண்ணீரோடு கலந்து பாதாம், திராட்சை, எலுமிச்சை வகைகளுக்கு விடுகிறார்கள். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வயலின் தண்ணீர் இயல்பிலேயே உப்புக் குறைந்தது. அதனால்தான் பிசுக்கை மட்டும் எடுத்துவிட்டு விட முடிகிறது. அப்படியும் பல வருஷம் பாய்ந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், உப்பும் போரானும் சேர்வதைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓமானில் நிம்ர் என்ற இடம் வேறு மாதிரி. பாலைவனத்தில் நாணல் பாத்திகள் அமைத்து, முதல் கட்டத்திலேயே நாளுக்கு 45,000 கனமீட்டர் தண்ணீரை விட்டார்கள். நாணல் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றுவிடுகின்றன. இயற்கை வழி என்பதால் எனக்கும் பிடித்த ஏற்பாடு. ஆனால் அங்கே லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் உப்பு. நாணல் தாண்டி வந்த தண்ணீரில் பெரும்பங்கை ஆவியாக்கும் குளங்களுக்கு அனுப்பி, உப்பை அங்கே தங்க வைக்கிறார்கள். நெல் வயலுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

"ஏழு கிராம் வேண்டாம்பா, ஒரு கிராம்தான்னா?" என்று பெரியப்பா கேட்டார். சேர்ந்து கணக்குப் போட்டோம். ஒரு போக நெல்லுக்கு 1200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் என்றால் 4,800 கிலோ உப்பு! இத்தனைக்கும் அந்தத் தண்ணீரின் இ.சி. ஒன்றரையைச் சுற்றித்தான் இருக்கும். பரிசோதனைச் சீட்டில் "ஓரளவு எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம்" என்ற வகையில் வந்துவிடும். வடிகால் நன்றாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். எங்க ஊர் வடிகாலில் ஆகாயத்தாமரைதான் போகிறது.

இன்னொன்று. உவர் வேற, களர் வேற. உவர் மண்ணில் மேலே வெள்ளையாகப் பூக்கும், நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் இறங்கும். எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் சோடியம் தூக்கலாக இருக்கும். அது களிமண்ணைப் பிரித்துவிடும். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் சிமெண்டுதான். அப்போது வெறும் தண்ணீர் இறங்காது. ஜிப்சம் போட்டுத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, வருஷக்கணக்கில் பாடுபட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போடுங்கள். ஆட்டக்கூடாது. இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம் ஏறியிருக்கிறது. உதிர்ந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை.

2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புது எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது. முன்பே ஓடும் கிணறுகளை அது நிறுத்தவில்லை. அதனால் தண்ணீர் தருகிறோம் என்று யாராவது வந்தால் எழுத்தில் கேளுங்கள்: இ.சி. எவ்வளவு, சோடியம் எவ்வளவு, போரான் எவ்வளவு, பிரித்த உப்பு எங்கே போகிறது? எண்ணெய்ப் பிசுக்கின் அளவை மட்டும் காட்டும் சீட்டு போதாது.

அதற்கு முன் நம்ம கிணற்று அளவு நம்ம கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு "உங்க தண்ணி முன்னாடியே உப்புதானே" என்பார்கள். சித்திரையில் நாங்கள் இரவல் இ.சி. மீட்டரோடு பதினொரு போர் பார்த்தோம். மூன்றில் இப்போதே 2ஐத் தாண்டியிருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது. தேதி போட்டு நோட்டில் எழுதி, பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டு, பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். தை அறுவடை முடிந்ததும் மறுபடி பார்க்கிறோம்.