வீட்டுக்கு இன்னொரு வண்டி: செகண்ட்ஸ் சந்தையில் சொல்வதும் உள்ளதும்

வீட்டில் ஏற்கெனவே ஒரு பைக் இருக்கும். அதை ஒருவர் வேலைக்கு எடுத்துப் போய்விட்டால், மற்றவர்கள் பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ நிற்க வேண்டும். “முப்பது, நாற்பதாயிரத்துல ஒரு செகண்ட்ஸ் வண்டி பாத்துடலாமா?” என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. பேச்சு எழுந்த அன்றைக்கே ஆளாளுக்கு ஆலோசனையும் வந்துவிடும். அவற்றில் சில, இருபது வருடத்துக்கு முந்தைய வண்டிகளுக்குப் பொருந்தியவை. சில, விற்பவருக்கு மட்டுமே வசதியானவை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்குகிறவருக்கு ஏமாந்துபோனால் இன்னொரு வண்டி வாங்க வழியிருக்காது. அதனால் இந்தப் பேச்சுகளைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பது நல்லது.

“மைலேஜ் நல்லா தர்ற வண்டியா பாரு, மத்ததெல்லாம் அப்புறம்”

மைலேஜ் முக்கியம்தான். எவ்வளவு முக்கியம் என்பதை, வண்டி தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடப்போகிறது என்பதுதான் தீர்மானிக்கும். லிட்டருக்கு 60 கி.மீ. தரும் 100 சிசி வண்டி ஒன்று, 45 கி.மீ. தரும் 150 சிசி வண்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தினம் 30 கி.மீ. வீதம் மாதம் 25 நாள் ஓட்டினால் 750 கி.மீ. முதல் வண்டிக்கு 12.5 லிட்டர் பெட்ரோல் போதும், இரண்டாவதற்கு 16.7 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் வருடத்துக்கு 5,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது. இப்படி ஓட்டுகிறவர் 100 சிசி பக்கம் போவதே சரி.

ஆனால் வீட்டின் இரண்டாவது வண்டி பெரும்பாலும் கடைக்கும், ரேஷனுக்கும், பிள்ளையை டியூஷனில் விடவும்தான் ஓடும். தினம் 10 கி.மீ. என்றால் அதே இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 140 ரூபாய்தான். ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டிக்கு எப்போதும் கிராக்கி உண்டு; விலையும் அதற்கேற்ப நிற்கும். மைலேஜை நினைத்து 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் பெட்ரோலில் திரும்பி வர ஆறு வருடம் ஆகும். அந்தப் பத்தாயிரத்தில் நல்ல டயரும் புது செயின் செட்டும் போட்ட வேறு வண்டியைப் பார்க்கலாமே.

இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. சில வருடங்களுக்கு முன் தனக்குக் கிடைத்த மைலேஜை விற்பவர் மனதாரச் சொன்னாலும், உங்களுக்கு அதே கணக்கு வராது.

“சிங்கிள் ஓனர், கிலோமீட்டர் பன்னிரண்டாயிரம்தான், ஷோரூம் கண்டிஷன்”

மீட்டரில் ஓடும் எண் சாட்சி ஆகாது. பழைய மாடல்களில் முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. டிஜிட்டல் மீட்டரையும் மாற்றுகிறார்கள். வண்டியே பேசும் இடங்களைப் பாருங்கள். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லீவர் ரப்பர், பிரேக் பெடல் மூன்றும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அது பன்னிரண்டாயிரம் ஓடிய வண்டி அல்ல. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரான டயர். வண்டி 2018 மாடல், பின் டயர் 2021 என்றால் முதல் டயர் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று கேளுங்கள். பஞ்சரால் மாற்றியிருக்கலாம், பதிலைக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பாலிஷ் போட்ட டேங்க் காட்டாத ஒன்றை, ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள கோன் செட் காட்டிவிடும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, உடன் வந்தவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லுங்கள். முன் சக்கரம் தரையிலிருந்து எழும்பட்டும். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக வரும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது. பள்ளம் மேட்டில் நிறைய இறங்கி ஏறியிருக்கிறது, அல்லது முன்பக்கம் மோதியிருக்கிறது. அடுத்து முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை ஃபோர்க்கை அழுத்திவிட்டு, பளபளக்கும் குழாயில் விரலை வைத்து இழுங்கள். விரலில் ஆயில் ஒட்டினால் சீல் மாற்ற வேண்டும். இவை பெரிய செலவில்லை. விலையைக் குறைத்துப் பேச உதவும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்ப்பது அவசியம். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிடுவதே மேல்.

வெள்ளம் கண்ட வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் ஏராளமான பைக்குகள் நீரில் மூழ்கின. துடைத்துக் காயவைத்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஹெட்லைட் டூமைக் கழற்றி உள்ளே வயர் கப்ளர்களுக்கு இடையே படிந்த சேறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்த நிறத்தில் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

“எஃப்.ஐ. வண்டி வேணாம், கார்புரேட்டர்னா நம்ம மெக்கானிக்கே பாத்துடுவாரு”

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பதிவான பைக்குகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளே. அடிக்கடி ஓடாமல் நிற்கிற வண்டிக்கு இது அனுகூலம். கார்புரேட்டரில் நின்றுபோன பெட்ரோல் ஜெட்டை அடைத்துவிடும். வாரக்கணக்கில் நின்ற பழைய வண்டியைக் கிளப்பச் சோக்கைப் பிடித்துக்கொண்டு உதைத்தவர்களுக்கு இது தெரியும். எஃப்.ஐ.யில் அந்தத் தொல்லை குறைவு. அதன் பலவீனம் பெட்ரோல் பம்ப். டேங்கைக் காலியாக வைத்து ஓட்டினால் பம்ப் சூடாகி ஆயுள் குறையும். மாற்றினால் செலவு கூடத்தான். வாங்கும்போது சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஏதோ கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டி என்றால் இன்னொரு லாபமும் உண்டு. 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழானவற்றில் குறைந்தபட்சம் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. புதிதாக வண்டி பழகுகிறவர் ஓட்டப்போகிறார் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் புது மாடல் பக்கம் நிற்பேன்.

பழைய ஆர்.எக்ஸ். 100 பைக் ஆசைக்கும் ஒரு வரி: அதன் தயாரிப்பு 1996இல் நின்றுவிட்டது. அன்றாட ஓட்டத்துக்கு அதைத் தேடுவது, பெட்ரோலுக்கும் ஸ்பேருக்கும் சேர்த்துச் செலவழிப்பது. பொதுவாகவே 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது; பசுமை வரி தனி. 14 வருட வண்டியை மலிவாகத் தருகிறார் என்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

“ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியாச்சு, பேரு அப்புறம் மாத்திக்கலாம்”

ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் அதிகம் கேட்கும் பேச்சு இது. நிறையக் குடும்பங்களைக் கஷ்டத்தில் தள்ளுவதும் இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்ற 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து இருப்பதாலேயே வண்டி உங்களுடையது ஆகிவிடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

வாங்குகிறவருக்கு நஷ்டம் வேறு வகை. பதிவு பெற்ற உரிமையாளர் தானே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. பெயர் மாறாத வண்டியில் போய் ஏதாவது நேர்ந்தால் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. “இன்சூரன்ஸ் கரெண்ட்ல இருக்கு” என்பதோடு நிற்காமல், அதையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காலாவதியாகியிருந்தால், 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு 2022 ஜூன் கட்டணப்படி வருடம் 714 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி.

முன்பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் பதிவு (ஹெச்.பி.) கேன்சல் ஆகாத வண்டி. கடன் கட்டாததால் பிடித்த சீசிங் வண்டி என்று மலிவாக வந்தாலும், ஹெச்.பி. கேன்சல் ஆன காகிதம் கைக்கு வராமல் பணத்தை நீட்டாதீர்கள்.

“புது வண்டி விலை தெரியும்ல? அதுல பாதிதான் சொல்றேன்”

எந்தப் புது விலையில் பாதி என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 80,000 ரூபாய் இருந்த வண்டி, அந்தக் கணக்கில் 73,750 ரூபாய் ஆகிறது. பழைய விலையை மனதில் வைத்துச் சொல்லும் செகண்ட்ஸ் விலையும் இறங்கியாக வேண்டும். கையில் 40,000 இருந்தால் 33,000க்கு வண்டி பாருங்கள். மீதி, பெயர் மாற்றத்துக்கும், காப்பீட்டுக்கும், வாங்கிய வாரமே செய்ய வேண்டிய ஆயில், செயின், பிரேக் வேலைக்கும் வேண்டும்.

“பையன் பிளஸ் டூதான், தெருவுக்குள்ளதானே ஓட்டப்போறான்”

இரண்டாவது வண்டி வாங்கும் பல வீடுகளில் இது சொல்லாமல் சொல்லும் காரணம். 16 வயதில் ஓட்டக் கிடைக்கும் அனுமதி 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். எக்ஸ்.எல். 100 மொபெட் சின்ன வண்டிதானே என்று நினைக்கிறார்கள். அதன் எஞ்சின் 99.7 சிசி. தெருவில் காணும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் இதைவிடப் பெரியவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வேலைக்குப் போகும் வயதில் லைசென்ஸ் இல்லாமல் நிற்கப்போவது அவன்தான். பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். எடுக்கும் வரை, அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன்னில் கொடுத்த சைக்கிளே அவனுக்குப் போதும்.