சகுவாரோ: அரிசோனாவின் கள்ளிக் காடு

நமது வேலியோரத்துச் சதுரக்கள்ளியை முறித்தால் பால் வடியும். பலரும் நினைப்பதுபோல அது கக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. கக்டஸ்களின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. மரங்களில் தொற்றி வளரும் ஓர் இனம் மட்டுமே ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது.

அக்குடும்பத்தின் பேருருவமான சகுவாரோவைக் காப்பதற்கென்றே ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு தேசியப் பூங்கா உண்டு. டூசோன் நகரின் கிழக்கிலும் மேற்கிலும் இரு பகுதிகளாக, சொனோரன் பாலைவனத்தில் அது அமைந்துள்ளது. 1933இல் பாதுகாக்கப்பட்ட இடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 1994இல் தேசியப் பூங்காவாயிற்று.

சகுவாரோ 40 அடிக்கு மேல் உயரும். 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் அது வளர்வதோ ஒன்று, ஒன்றரை அங்குலம்தான்! முதற்கிளை வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும். விரல் நுனியளவான அந்தக் குழந்தைப் பருவத்தில் கடும் வெயிலும் உறைபனியும் அதனைக் கொன்றுவிடும். ஆகவே பாலோவேர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் நிழலில் முளைத்தவையே பெரும்பாலும் பிழைக்கின்றன. இவற்றைச் செவிலி மரங்கள் என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

தண்டிலுள்ள மடிப்புகள் மழை பெய்ததும் விரிந்து நீரைச் சேமிக்கும், வரட்சியில் சுருங்கும். நாம் விஞ்ஞான பாடத்தில் படிக்கும் இலைவாய்கள் இதன் தண்டிலேயே உள்ளன. அவை இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கும்; அது அமிலமாகச் சேமிக்கப்பட்டு, மறுநாள் பகலில் ஒளித்தொகுப்புக்குப் பயன்படும். பகல் முழுதும் வாயில்கள் மூடியிருப்பதால் நீர் வீணாவதில்லை. படைத்தவனின் ஏற்பாட்டை என்னவென்பது!

மரங்கொத்தி தண்டைக் குடைந்து கூடமைத்தால், சகுவாரோ அந்தக் காயத்தைச் சுற்றிக் கடினமான சுவரொன்றை எழுப்பிக்கொள்ளும். மரங்கொத்தி போனபின் ஆந்தை குடிவரும். யூன் மாதத்தில் பழுக்கும் கனிகளை, பூர்வீகக் குடிகளான டோஹோனோ ஓதாம் மக்கள் இறந்த சகுவாரோவின் நீண்ட விலாக்கம்புகளைக் கொண்டே இன்றும் பறிக்கிறார்கள்.

இக்காடு அழிந்துவிடுமோ என ஒருகாலத்தில் அஞ்சினார்கள். 1937இன் கடுங்குளிருக்குப் பின் முதிர்ந்தவை பல மடிந்தன, இளஞ்செடிகளோ இல்லை. செவிலி மரங்கள் விறகாக வெட்டப்பட்டிருந்தன, எஞ்சிய முளைகளைக் கால்நடைகள் மிதித்தன. மேய்ச்சல் நிறுத்தப்பட்ட பின்னரே கன்றுகள் மீண்டும் தலைகாட்டின.

இப்போதைய பகை, கால்நடைத் தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கப் புல்லான பஃபெல். பாலைவனச் செடிகளுக்கிடையே வெற்று நிலம் இருப்பதால் தீ பரவ வழியில்லை. பஃபெல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. தீயைத் தாங்கும் இயல்பு சகுவாரோவுக்கு இல்லை. ஆகவே தொண்டர்கள் மலைச்சரிவுகளில் ஏறி அப்புல்லைக் கையாலேயே பிடுங்குகிறார்கள்.

நமது புந்தல தேசியப் பூங்காவில் நிலைமை தலைகீழானது. அங்கே அத்துமீறிப் பரவி நிற்பது அமெரிக்காவிலிருந்து வந்த நாகதாளிக் கக்டஸ்.