ஆறு வாரம், எட்டரை நிமிடம்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1880-களில் தங்கச் சுரங்க வேலை பெரிய அளவில் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்கே குடியேறினார்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இப்போது அந்த ஊர் மக்கள் பலர் விடியற்காலையில் ரயில் ஏறுகிறார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள்.

செல்வியின் அப்பாவும் அப்படித்தான். முன்பு சுரங்கத் தொழிலாளி. இப்போது பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளி. அம்மா லட்சுமி வீட்டில் தையல் வேலை செய்கிறார். செல்விக்கு வயது 21.

செல்வி மத்தியப் படைகளில் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தாள். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றுக்கு இந்தத் தேர்வு நடக்கிறது. 2024 முதல் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். செல்வி தமிழில் எழுதினாள். தேறினாள்.

அடுத்தது ஓட்டத் தேர்வு. பெண்கள் 1.6 கிலோமீட்டர் தூரத்தை எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். ஆண்கள் 5 கிலோமீட்டர் தூரத்தை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரமே இருந்தது.

செல்வி பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓடியதே இல்லை.

முதல் வாரம்: அவசரம்

மறுநாளே செல்வி மைதானத்தில் இறங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடினாள். மூச்சு வாங்கியது. வயிற்றின் ஓரம் பிடித்தது. அப்படியும் விடவில்லை. மறுநாளும் ஓடினாள். ஐந்து நாள் இப்படியே ஓடினாள்.

ஆறாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உள்பக்கம் நெடுகிலும் வலி.

"ஐயோ அம்மா, இருக்கிறதே ஆறு வாரம். அதில் ஒரு வாரம் போச்சே!" என்று அழுதாள்.

லட்சுமி பக்கத்து லைனில் இருந்த பாக்கியம் டீச்சரைக் கூட்டி வந்தார். அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் செல்வியின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒரே ஒரு புள்ளியில் வலிக்குதா? இல்லை, பரவலா வலிக்குதா?"

"பரவலா வலிக்குது டீச்சர்."

"சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலிக்குதா?"

"இல்லை டீச்சர்."

"அப்போ பயப்படாதே. ஒரே புள்ளியில் குத்துற மாதிரி வலிச்சாலோ, சும்மா இருக்கும்போதே வலிச்சாலோ எலும்பில் கீறல் இருக்கலாம். அப்போ ஓடவே கூடாது. டாக்டரிடம் போகணும். உனக்கு இது பழக்கமில்லாத காலை அடிச்சு ஓட்டினதால் வந்த வலி. நாலு நாள் ஓடாதே. வலி குறைஞ்சதும் நடக்கலாம்."

"நாள் இல்லையே டீச்சர்!"

டீச்சர் சிரித்தார். "நாள் குறைவா இருக்கிறதால்தான் சொல்றேன். ஓடும்போது உடம்பு களைச்சுப் போகுது. ஓய்வில்தான் அது பலம் சேர்க்குது. ஓய்வைத் திருடினா பலம் வராது. வலிதான் வரும். இன்னொன்னும் கேளு. மூச்சு சீக்கிரம் பழகும். சில வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். எலும்பு மெதுவாத்தான் பழகும். அதுக்குப் பல மாசம் ஆகும். மூச்சு 'ஓடு ஓடு'ன்னு சொல்லும். அப்போ எலும்பையும் கேட்டுத்தான் ஓடணும்."

இரத்தப் பரிசோதனை

டீச்சர் செல்வியை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். இதயத்தில் கோளாறு, ஆஸ்துமா, அடிக்கடி மயக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடக் கூடாது. செல்விக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம்தான் இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டும்.

இது செல்விக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து போவது ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால் நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஓடினால் கேட்கவே வேண்டாம்.

செல்விக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடு டீ, காபி குடிக்கக் கூடாது. குடித்தால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாகச் சேரும். லட்சுமி வழக்கமான ராகிக் களியோடு கீரை, கடலை, முட்டை சேர்த்துக் கொடுத்தார். "எல்லாருக்கும் போட்டு மிச்சமிருந்தால் சாப்பிடுவது" என்ற பழக்கத்தைச் செல்வி விட்டாள்.

கயிறும் நோட்டும்

மைதானத்தில் தூரம் குறித்த கோடு எதுவும் இல்லை. லட்சுமி தையல் நாடாவால் 10 மீட்டர் கயிறு அளந்தார். அந்தக் கயிற்றை 20 முறை வைத்து, 200 மீட்டர் சுற்று ஒன்றைக் குறித்தார்கள். நான்கு மூலையிலும் கல் நட்டார்கள்.

பிறகு டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

1.6 கிலோமீட்டர் = 1600 மீட்டர்.
1600 மீட்டர் = 200 மீட்டர் சுற்று 8.
எட்டரை நிமிடம் = 510 விநாடி.
510-ஐ 8-ஆல் வகுத்தால் 63-க்குச் சற்று மேல் வரும்.

"அவ்வளவுதான் செல்வி. ஒரு சுற்றுக்கு 63 விநாடி. எட்டரை நிமிஷத்தை நினைச்சுப் பயப்படாதே. 63-ஐ மட்டும் நினை."

லட்சுமி எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். தையல் அளவு குறிக்க ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். மேலே "63" என்று பெரிதாக எழுதினார்.

தினமும் விடியற்காலையில் அப்பாவை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு, தாயும் மகளும் மைதானத்துக்கு வந்தார்கள். சுரங்கக் கழிவு மேடு இருக்கும் பக்கம் போகவில்லை. காற்றடித்தால் அங்கே தூசி பறக்கும்.

டீச்சர் சொன்ன பயிற்சி

வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓட்டம். இரண்டு ஓட்ட நாளுக்கு நடுவே ஒரு நாளாவது ஓட்டமில்லாத நாள். அந்த நாட்களில் நடை. ஒரு நாள் முழு ஓய்வு. ஓடும் முன் பத்து நிமிடம் நடை. ஓடி முடித்ததும் சட்டென்று உட்காராமல் ஐந்து நிமிடம் நடை.

இரண்டாம் வாரம்: முதலில் நடை மட்டும். வலி போன பிறகு 2 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 முறை.

மூன்றாம் வாரம்: 5 நிமிடம் மெல்லோட்டம், 1 நிமிடம் நடை. இப்படி 4 முறை.

நான்காம் வாரம்: இரண்டு நாள் 20 நிமிடம் நிற்காமல் மெல்லோட்டம். ஒரு நாள் மட்டும் வேகப் பயிற்சி. ஒரு சுற்றை 63 விநாடியில் ஓடி, 2 நிமிடம் நடை. இப்படி 6 சுற்று.

ஐந்தாம் வாரம்: ஒரு நாள் மெல்லோட்டம். ஒரு நாள் இரண்டு சுற்றைச் சேர்த்து 126 விநாடியில் ஓடி, 3 நிமிடம் நடை. இப்படி 3 முறை. வாரக் கடைசியில் முழுத் தூரம் ஓடிப் பார்ப்பது.

ஆறாம் வாரம்: பயிற்சியைப் பாதியாகக் குறைப்பது. கடைசி இரண்டு நாள் ஓட்டம் கிடையாது.

மெல்லோட்டம் என்றால் எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது மெல்லோட்டம் அல்ல.

ஊசி வேண்டாம்

மைதானத்துக்கு வந்த ஒரு பையன் சொன்னான்: "அக்கா, ஒரு மாத்திரை இருக்கு. போட்டால் களைப்பே தெரியாது. ஊசியும் இருக்கு."

இதைக் கேட்ட டீச்சருக்குக் கோபம் வந்தது. "களைப்பு என்பது உடம்பு அடிக்கிற மணி. மணியைக் கழற்றிப் போட்டால் ஆபத்து போயிடுமா? வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடினால் எலும்பு உடைகிறதுகூடத் தெரியாது. டாக்டர் கொடுக்காத எதையும் தொடாதே."

பிறகு ஜார்க்கண்டில் நடந்ததைச் சொன்னார். 2024 ஆகஸ்டு மாதம் அங்கே கலால் துறைக் காவலர் வேலைக்கு ஓட்டத் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். அந்தத் தேர்வில் பலர் மயங்கி விழுந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்து போனார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அரசு தேர்வைச் சில நாள் நிறுத்தி வைத்தது.

"எல்லாரும் வேலை தேடிப் போன பிள்ளைகள். உன்னை மாதிரி பிள்ளைகள்" என்றார் டீச்சர். லட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று இரவு செல்வி அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், கண் இருட்டினாலும் நின்றுவிடுவேன் என்றாள். தேர்வு நடக்கும் நாளாக இருந்தாலும் நின்றுவிடுவேன் என்றாள்.

நோட்டு சொன்ன சேதி

ஐந்தாம் வாரக் கடைசி. செல்வி முழுத் தூரமும் ஓடினாள். லட்சுமி கைப்பேசியில் நேரம் பார்த்து ஒவ்வொரு சுற்றையும் எழுதினார்.

49, 57, 63, 67, 70, 71, 74, 70.

கூட்டினார்கள். 521 விநாடி. 11 விநாடி அதிகம்.

செல்வி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "என்னால் முடியாதும்மா. எனக்கு வேகம் பத்தாது."

லட்சுமி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்.

"வேகம் பத்தலைன்னு யார் சொன்னா? இங்கே பார் கண்ணு. முதல் சுற்று 49. அவ்வளவு வேகம் யார் கேட்டா? 63 தானே வேணும்? முன்னாடியே செலவு பண்ணிட்டே. கடைசியில் கையில் இல்லை. மாசச் சம்பளத்தை முதல் வாரமே செலவு பண்ணுற மாதிரி."

டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "நான் சொல்ல வேண்டியதை உங்க அம்மா சொல்லிட்டாங்க" என்றார்.

ஆறாம் வாரம் செல்வி புதிதாக எதையும் செய்யவில்லை. நிதானமாகத் தொடங்கப் பழகினாள். இரவு எட்டு மணி நேரம் தூங்கினாள்.

தேர்வு நாள்

பழகிய ஷூவையே போட்டுக்கொண்டாள். புது ஷூ காலைக் கடிக்கும். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தாள்.

அங்கே ஒரு சுற்று 400 மீட்டர். நான்கு சுற்று. சுற்றுக்கு 126 விநாடி. விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்து ஓடினார்கள். செல்வி கடைசிக்கு முந்தி ஓடினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் 63-ஐ நினைத்துக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் முன்னால் போனவர்கள் தளரத் தொடங்கினார்கள். மூன்றாம் சுற்றில் ஒவ்வொருவராகத் தாண்டினாள். நான்காம் சுற்றில் மிச்சமிருந்த பலத்தை எல்லாம் செலவு செய்தாள்.

8 நிமிடம் 19 விநாடி.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் லட்சுமி நோட்டோடு நின்றிருந்தார். மகள் சொன்னதைக் கேட்டு, அதே பக்கத்தின் கடைசி வரியில் எழுதினார்: 8 - 19. அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

இன்னும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதன் பிறகுதான் வேலை. ஆனாலும் அன்று ரயிலில் திரும்பும்போது, தாயும் மகளும் அந்த நோட்டைப் பல முறை எடுத்துப் பார்த்தார்கள்.

நினைவில் வையுங்கள்

1. விண்ணப்பம் போட்ட நாளிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.
2. நாள் குறைவாக இருந்தாலும் தினமும் ஓடாதீர்கள். ஓய்வும் பயிற்சிதான்.
3. ஒரே வாரம்தான் இருக்கிறதா? அதற்குள் புதுப் பலம் வராது. இருக்கும் பலத்தைக் காப்பாற்றுங்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். சீராக ஓடப் பழகுங்கள்.
4. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும்போது ஓடாதீர்கள். கடும் வெயிலில் ஓடாதீர்கள்.
5. ஒருவர் வெயிலில் ஓடி மயங்கி விழுந்தாலோ, பிதற்றினாலோ நிழலுக்குத் தூக்குங்கள். உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. முதல் வாரம் செல்விக்குக் கால் வலி வந்தது ஏன்?
2. இரும்புச் சத்து மாத்திரையை எதோடு சாப்பிடக் கூடாது?
3. லட்சுமி நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தது என்ன?

கணக்குப் போடுங்கள்

ஆண்கள் 5 கிலோமீட்டர் தூரத்தை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். 24 நிமிடம் என்பது 1440 விநாடி. அப்படியானால் 1 கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் ஓட்டத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்களா? 10 மீட்டர் கயிறு ஒன்று அளந்து கொடுங்கள். அவர்கள் ஓடும்போது ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து அவர்களிடம் சொல்லுங்கள்.