டயாப்லோ 2: புதிதாக ஆட வருகிறவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்

பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்டக்காரன் நான். அதனால் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “பெரியப்பா, டயாப்லோ 2 இப்ப ஆடினா நல்லா இருக்குமா, இல்ல பழைய சரக்கா?” தாராளமாக ஆடலாம். ஆனால் அதன் குணம் தெரிந்து ஆட வேண்டும். வரைபடம், எதிரி, கீழே விழும் பொருள் என்று பெரும்பாலானவற்றைப் பகடையின் கையில் விட்டிருக்கிறார்கள். பகடை எப்படி விழுகிறது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இதன் ருசியும் வில்லங்கமும் அங்கேதான் இருக்கின்றன.

1. புதிய பதிப்பையே வாங்குங்கள்.
கலிபோர்னியாவில் இயங்கிய பிளிஸார்ட் நார்த் நிறுவனம் மூல ஆட்டத்தை 2000 ஜூனில் வெளியிட்டது. மறுவருடம் வந்த ‘லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ ஐந்தாம் பாகத்தையும் அசாசின், ட்ரூயிட் என்ற இரு பாத்திரங்களையும் சேர்த்தது. 2021 செப்டம்பரில் வந்த ‘ரிசரக்டட்’ பதிப்பில் இரண்டும் அடக்கம். அதில் படம்தான் புதிது, அடியில் ஓடும் கணக்கு பழையது. கணினியில் ஜி விசையைத் தட்டினால் அதே காட்சி பழைய தோற்றத்துக்கு மாறும். காசு மேல் நடந்தாலே பைக்குள் சேர்ந்துவிடுகிறது. உங்கள் பாத்திரங்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் பெட்டியும் உண்டு. ரத்தமும் பிணமும் நிறைந்த ஆட்டம் இது, சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடாதீர்கள்.

2. முதல் பாகத்தில் ஓடாதீர்கள்.
இருட்டை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய ஆட்டங்கள் குறைவு. உங்களைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்குத்தான் வெளிச்சம். அதற்கு அப்பால் இருப்பது பல நேரம் முதலில் காதில்தான் விழும். பிளட் மூர் வெளியில் ‘ஃபாலன்’ என்ற குட்டிச் சிவப்புப் பேய்கள் கூட்டமாக வரும். ஒன்று செத்தால் பக்கத்தில் நிற்பது அலறி ஓடும், சற்றுப் பொறுத்துத் திரும்பி வரும். பின்னால் நிற்கும் அவற்றின் மந்திரவாதி செத்ததை எழுப்பிக்கொண்டே இருப்பான். முன்னால் வருவதையே வெட்டிக்கொண்டிருந்தால் சண்டை முடியாது, அவனை முதலில் தீருங்கள். வெறும் கிளிக் ஆட்டம் என்பவர்கள் இதைக் கவனித்ததில்லை. அடுத்து எரிந்து கிடக்கும் ட்ரிஸ்ட்ராம் வரும். அங்கே கூண்டில் தொங்கும் கிழவர் டெக்கார்ட் கெய்னை மீட்டுவிட்டால், அறியாத பொருள்களை அவர் காசு வாங்காமல் இனம்கண்டு சொல்வார். மேட் யூல்மன் வாசித்த கிட்டார் இசையையும் அங்கே கேளுங்கள், ஒலியை அணைத்துவிட்டு ஆடாதீர்கள்.

3. முதல் பாத்திரத்தை யோசித்து எடுங்கள்.
ஏழு பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் முப்பது வித்தைகள். பார்பேரியன் பார்க்கக் கம்பீரமாக இருப்பான், ஆனால் கையில் நல்ல ஆயுதம் இல்லையென்றால் அவன் பாடு திண்டாட்டம்தான். புதியவர்களுக்கு நான் சொல்வது நெக்ரோமான்சர். எலும்புக்கூடுகள் முன்னால் நின்று அடிவாங்கும், நீங்கள் பின்னால் நின்று ஆட்டத்தைப் படித்துக்கொள்ளலாம். வேகம் வேண்டுமென்றால் சார்சரஸ். பதினெட்டாம் லெவலில் டெலிபோர்ட் கிடைத்ததும் சுவரைத் தாண்டிப் போகலாம், ஆனால் உடம்பு பூஞ்சை.

4. புள்ளிகளை இறைக்காதீர்கள்.
லெவல் ஏறும்போதெல்லாம் உடல்கூறுக்கு ஐந்து புள்ளி, வித்தைக்கு ஒன்று. எதில் போடுவது என்று ஆட்டம் வாய் திறக்காது. என் கணக்கு எளிது: போட்டிருக்கும் கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் தேவையான அளவு பலம், சுறுசுறுப்பு, மிச்சமெல்லாம் உயிருக்கு. எனர்ஜியில் போட்டுவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் அதிகம். வித்தையில் ஒன்றிரண்டைப் பிடித்து இருபது வரை ஏற்றுங்கள். 2010-இல் 1.13 பேட்ச் வரும்வரை போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியில்லை. தவறினால் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான், அது இந்த ஆட்டத்தின் பெரிய குறையாக இருந்தது. இப்போது ‘டென் ஆஃப் ஈவில்’ குகையைச் சுத்தம் செய்தால், ஒவ்வொரு கடினநிலையிலும் ஒருமுறை முதல் ஊரிலுள்ள அகாரா புள்ளிகளை மாற்றித் தருவாள். முதல் வாய்ப்பை அவசரத்தில் செலவழிக்காதீர்கள்.

5. ஹெல் நிலைக்கு நார்மலிலேயே தயாராகுங்கள்.
நார்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று கடினநிலைகள். நெருப்பு, குளிர், மின்னல், விஷம் நான்குக்கும் உங்களுக்குள்ள தடுப்பு நைட்மேரில் 40 குறையும், ஹெல்லில் 100 குறையும். வழக்கமான உச்சவரம்பு 75. ஆக ஹெல்லில் அதைத் தொட 175 சேர்க்க வேண்டும். ஐந்தாம் பாகத்தில் சிறைப்பட்ட வீரர்களை மீட்டால் ரால், ஆர்ட், தால் என்ற மூன்று ரூன்கள் (துளையில் பதிக்கும் எழுத்துக்கற்கள்) பரிசு. மூன்று துளையுள்ள சாதாரணக் கேடயத்தில் அவற்றை அதே வரிசையில் பதித்தால் நான்கு தடுப்பும் 40-க்கு மேல் ஏறும். புதியவர்கள் பலர் அந்த ரூன்களைப் பெட்டியில் தூங்கவைக்கிறார்கள். இன்னொன்று: ஹெல்லில் சில எதிரிகள் மேல் நெருப்பே ஏறாது, சிலர் மேல் குளிர் ஏறாது. நெருப்பை மட்டும் நம்பி வந்த சார்சரஸ் அங்கே கைகட்டி நிற்பாள். இரண்டாவதாக ஒரு வழி வைத்திருங்கள், உங்களோடு வரும் கூலிவீரனுக்கும் நல்ல ஆயுதம் கொடுங்கள்.

6. கண்டதையெல்லாம் பொறுக்காதீர்கள்.
பையில் நாற்பது கட்டம்தான். மஞ்சள், பச்சை எழுத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும் புதியவர்கள் சாம்பல் எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். துளையுள்ள சாதாரணப் பொருளுக்குச் சாம்பல் நிறம், ரூன்களை உரிய வரிசையில் பதித்துப் பெறும் ரூன் வார்த்தை அதில்தான் பலிக்கும். இரண்டு துளையுள்ள உடல்கவசத்தில் தால், பிறகு எத் பதித்தால் ‘ஸ்டெல்த்’. பதினேழாம் லெவலில் அணிந்துகொண்டால் நடையும் மந்திர வேகமும் கூடும், நார்மல் முடியும்வரை போதும். வரிசை மாறினால் ரூன் வீண், மந்திரக் கவசத்தில் பதித்தாலும் வீண். இதை ஆட்டம் எச்சரிக்காது, நான் எச்சரிக்கிறேன்.

7. டூரியலின் அறைக்குள் வெறுங்கையோடு போகாதீர்கள்.
இரண்டாம் பாகத்தின் முடிவில் ஏழு கல்லறைகள், உண்மையானது ஒன்றுதான். அதன் சின்னம் பணிப்பட்டியலிலேயே இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே சின்ன அறை, அதில் டூரியல் என்ற பெரிய புழு. கதவு தாண்டியதும் மேலே விழுவான், அவனுடைய குளிர் உங்கள் நடையைத் தளர்த்திவிடும். குளிர்தடுப்பு மருந்தை ஊரிலேயே வாங்கிக் குடித்துவிட்டு, இடுப்புப்பட்டை நிறையச் சிவப்பு மருந்தோடு போங்கள். நுழைந்ததும் ஊர் வாசல் சுருளைத் திறந்துவைப்பது உத்தமம். செத்தால் போட்டிருந்தவை பிணத்தோடு அங்கேயே கிடக்கும், போய் எடுத்தாக வேண்டும். செத்தால் ஒரேயடியாக முடிந்துபோகும் ஹார்ட்கோர் முறை இப்போது உங்களுக்கு வேண்டாம்.

8. மூன்றாம் பாகத்தில் பொறுமை காத்துக்கொள்ளுங்கள்.
நான் நேசிக்கும் ஆட்டம்தான், ஆனாலும் இதை மறைக்க மாட்டேன். குராஸ்ட் காட்டுக்குள் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி ஆறு. கோவில் எந்தப் பக்கம் என்று பகடைக்குத்தான் தெரியும். கொஞ்சம் ஓடினால் மூச்சு வாங்கும், நடக்க வேண்டும். முதல் பாகத்தில் ஒவ்வொரு குகையையும் புதிதாகத் தோன்றவைத்த அதே பகடை, இங்கே உங்களைச் சுற்றிச் சுற்றி அலையவிடுகிறது. கதையும் இங்கே கை கொடுக்காது. பாகங்களுக்கு இடையில் வரும் காணொளிகளில் மாரியஸ் சொல்லும் கதை அருமை. ஆட்டத்துக்குள் வருவதோ போ, கொல், திரும்பி வா என்பதுதான். ஊருக்கும் இங்கும் தாவ உதவும் வே பாயின்ட் கண்ணில் பட்டதும் தொட்டுவிடுங்கள். அன்றைக்குச் சலித்துவிட்டால் மூடிவிடுங்கள்.

9. பணத்தையும் நேரத்தையும் பூட்டிவையுங்கள்.
ஹெல் வந்ததும் ‘ரன்’ என்ற நோய் பிடிக்கும். மூன்றாம் பாகத்தின் தலைவன் மெபிஸ்டோவைக் கொல், பொருளைப் பார், வெளியே வா, மறுபடி கொல். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று விழும், விரும்பியது விழாது. உச்ச லெவல் 99. அதை எட்டியே தீருவேன் என்று உட்கார்ந்தால் ராத்திரிகள் போவது தெரியாது. இன்றைக்கு இத்தனை ரன் என்று உட்காரும்முன் தீர்மானியுங்கள், சரியாக அதோடு எழுந்துவிடுங்கள். அபூர்வப் பொருளை ரூபாய்க்கு விற்கிறேன் என்று எவராவது வந்தால் அண்டவிடாதீர்கள். ‘ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்’ மோதிரம் ஒருகாலத்தில் ஆட்டக்காரர்களிடையே நாணயமாகவே புழங்கியது. கள்ள நகல்கள் பெருகி அதன் மதிப்பைக் கெடுத்தன.

கூட்டிக் கழித்துச் சொல்கிறேன். சூழல், இசை, சண்டையின் கூர்மை மூன்றிலும் இதற்கு முழு மதிப்பெண். விளக்கம், கதை, பிற்பகுதியின் அலைச்சல் ஆகியவற்றில் பாதிக்கும் கீழே. நார்மல் நிலையில் ஐந்தாம் பாகத்தின் இறுதி எதிரியான ‘பால்’ என்பவனைக் கொல்லும்வரை ஆடுங்கள், பணம் கொடுத்ததன் பெரும்பலன் அங்கேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் ஆசை இருந்தால் நைட்மேருக்குப் போங்கள். இல்லையென்றால் நிம்மதியாக நிறுத்துங்கள், நீங்கள் ஆட்டத்தைப் பாதியில் விட்டதாக யாரும் சொல்ல முடியாது.