எலியை அடக்கும் கூகைக்கு ஒரு பெட்டி

நெற்பயிரில் எலி செய்யும் சேதம் உழவர் பெருமக்கள் நன்கு அறிந்ததே. தூர் கட்டும் பருவத்தில் தூர்களைக் கத்தரிக்கும். பொதிப் பருவத்தில் தண்டைக் கடித்துச் சாய்க்கும். கதிர் முற்றியதும் வளைக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். விஷம் வைத்தால் சில நாட்கள் குறைந்தது போலத் தோன்றும். பக்கத்து வயலிலிருந்து மீண்டும் வந்து குடியேறும். சம்பளம் கேட்காமல் இரவெல்லாம் எலி வேட்டையாடும் ஒரு பறவை நம் ஊர்களில் உண்டு. அதுதான் கூகை.

கூகையை அறிவோம்

இதய வடிவில் வெண்மையான முகமும், பொன்னிற முதுகும் கொண்டது கூகை. பறக்கும்போது சிறகோசை கேட்பதில்லை. கும்மிருட்டிலும் எலி நகரும் ஓசையை மட்டும் வைத்தே குறி தவறாமல் பிடித்துவிடும். இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். இந்த உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகளின் மண்டையோடுகளைக் காணலாம். வளர்ந்த கூகை இரவுக்கு ஒன்றிரண்டு எலிகளையாவது தின்னும். குஞ்சுகள் இருக்கும்போது வேட்டை பல மடங்காகும். இதன் அலறலைக் கேட்டால் சாவு வரும் என்று சொல்லி விரட்டுவதும் கல்லெறிவதும் நமக்கே நட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையினத்தைக் கொல்வது குற்றமும் ஆகும்.

பெட்டி எதற்கு?

கூகை தானாகக் கூடு கட்டாது. மரப்பொந்து, கோபுர மாடம், பாழடைந்த கட்டடம் ஆகியவற்றில்தான் முட்டையிடும். முதிர்ந்த மரங்கள் வெட்டப்பட்டு, பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு வருவதால் இரை இருந்தும் இருக்க இடமில்லை. அந்தக் குறையைப் பெட்டி நீக்குகிறது.

இது புதிய முறையல்ல. அமெரிக்காவில் மரப்பொந்தில் முட்டையிடும் மரவாத்து, வேட்டையாலும் காடழிப்பாலும் அருகிப்போனது. 1918-இல் வேட்டை தடை செய்யப்பட்டது. 1930-களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தில் மரப்பெட்டிகள் வைக்கப்பட்டன. பின்னர் பல மாநிலங்களில் தொண்டர்களும் உழவர்களும் இதை மேற்கொள்ள, அப்பறவை மீண்டும் பெருகியது. கூகைக்கென்றே இஸ்ரேலின் செதே எலியாகு பண்ணையில் 1983 முதலும், மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன.

பெட்டி செய்யும் முறை

விலை குறைந்த பலகையே போதும். நீளம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் 2 அடி இருக்கட்டும். வாசல் 5 அங்குலச் சதுரமாக, அடிப்பலகையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். வாசல் தாழ்வாக இருந்தால் பறக்கத் தெரியாத குஞ்சுகள் கீழே விழுந்து இறக்கும். அடியில் நான்கைந்து சிறு துளைகள் இட்டு, இரண்டு அங்குல உயரத்துக்கு மரச்சீவலைப் பரப்பவும். கூரையைச் சரிவாக அமைத்து, மேலே கீற்று வேயவும். வெறும் தகரக் கூரை கோடையில் குஞ்சுகளைக் கொன்றுவிடும். உள்ளே வண்ணம் பூச வேண்டாம்.

வைக்கும் இடம்

மனித நடமாட்டம் குறைந்த, வயலைப் பார்த்த இடத்தில் 12 முதல் 15 அடி உயரத்தில் மரத்திலோ கம்பத்திலோ உறுதியாகப் பொருத்தவும். வாசல் மாலை வெயிலையும் மழைச்சாரலையும் நோக்கி இருக்கக் கூடாது. கம்பத்தைச் சுற்றி வழுவழுப்பான தகடு அடிப்பது மிக அவசியம். காவல் இல்லாத மரவாத்துப் பெட்டிகள் ரக்கூன் என்ற விலங்குக்கும் பாம்புக்கும் உணவுப் பெட்டிகளாகிவிட்டதை அமெரிக்காவில் கண்டார்கள். இங்கு சாரைப்பாம்பும் மரநாயும் பூனையும் அதே வேலையைச் செய்யும்.

விஷமும் பெட்டியும் ஒத்துவரா

இதுவே முக்கியமான செய்தி. புரோமடயலோன் போன்ற மருந்துகளைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை எளிதில் பிடிக்கும். விஷ எலிகளைத் தின்னத் தின்ன நஞ்சு சேர்ந்து கூகையும், தாய் தரும் இரையால் குஞ்சுகளும் மடியும். மலேசியத் தோட்டங்களில் கடுமையான புதுவகை எலி மருந்துகள் வந்தபோது கூகைகள் குறைந்தன. எலி போல் கூகை விரைவில் பெருகாது. அழிந்த இடத்தில் எலியே மிஞ்சும்.

ஆகவே பெட்டி உள்ள பகுதியில் விஷத்துக்குப் பதிலாக வளை தோண்டி அழித்தல், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல், வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேற்படாமல் அமைத்தல், வரப்புப் புல்லை அகற்றுதல் ஆகியவற்றைக் கடைப்பிடிக்கவும்.

ஊர் கூடிச் செய்க

கூகைக்கு வரப்பு எல்லை தெரியாது. 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி போதும். ஓர் ஏக்கர் உள்ளவர் தனியே செலவு செய்ய வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்குச் சிறு தொகையே ஆகும். ஆனால் அவர்களில் ஒருவர் விஷம் வைத்தாலும் எல்லோருடைய முயற்சியும் வீணாகும். பெட்டி அடிக்கும் முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். முட்டை, குஞ்சுகளைத் தொடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, பெட்டி காலியாக இருக்கும்போது மட்டும் சுத்தம் செய்து புதுச் சீவல் இடவும். கூகையைப் பிடித்து வந்து அடைக்க வேண்டாம். தானாக வந்தால்தான் தங்கும்.

வைத்த உடனே பலனை எதிர்பார்க்கலாகாது. ஓரிரு பருவம் பெட்டி காலியாகவே இருக்கக்கூடும். எலி முழுவதும் ஒழிந்துவிடும் என்பதும் இல்லை. வளை வெட்டுதலையும் கிட்டியையும் விடாமல் செய்து, அதற்குத் துணையாகக் கூகையைக் கொள்ளவும். பெட்டியின் அடியில் எலும்பு உருண்டைகள் கிடக்கத் தொடங்கினால் காவலாளி வேலைக்கு வந்துவிட்டார் என்று பொருள். அன்று முதல் உங்கள் வயலருகே எவரும் விஷம் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.