கோடை வெப்பமும் கறவை இனங்களும்

உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24ஆம் ஆண்டில் நம் பால் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேற்பட்ட பசு, எருது இனங்களும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. இவற்றில் பெரும் பகுதியை வளர்ப்போர் சிறு, குறு விவசாயிகளும் நிலமற்ற தொழிலாளருமே ஆவர்.

இக்குடும்பங்களுக்குக் கோடையால் நேரும் இழப்பு எளிதில் கணக்கில் ஏறுவதில்லை. பேரிடர் நிவாரணமும் கால்நடைக் காப்பீடும் பெரும்பாலும் இறப்பை அடிப்படையாகக் கொண்டவை. வெப்பத்தால் இறக்கும் மாடுகள் சில. பால் குறைந்து, சினை தள்ளிப்போகும் மாடுகளோ மிகப் பல. எனவே இறப்பற்ற இந்த இழப்பை அளந்தறிவது திட்டமிடுவோரின் கடமையாகிறது.

வெப்ப அயர்ச்சி ஏற்படும் விதம்

பசுவின் இயல்பான உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். வெயிலால் மட்டுமன்றி, முதல் இரைப்பையில் தீவனம் நொதிப்பதாலும் உடலில் வெப்பம் சேர்கிறது. வியர்வையாலும் மூச்சிரைப்பாலும் மாடு அதனை வெளியேற்றுகிறது. வெளியேற்றம் போதாதபோது தீவனம் உண்பதைக் குறைத்துக்கொள்கிறது, பாலும் குறைகிறது. மிகுதியாகக் கறக்கும் மாடு மிகுதியாக உண்பதால், அதன் உடலில் தோன்றும் வெப்பமும் மிகுதி. ஆகவே சிறந்த கறவையே முதலில் பாதிக்கப்படுகிறது.

காற்றின் ஈரப்பதமும் இதில் முக்கியமானது. உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பநிலைகளைக் கூட்டி, 0.72ஆல் பெருக்கி, 40.6ஐச் சேர்த்தால் வெப்ப-ஈரப்பதக் குறியீடு கிடைக்கும். இது 72ஐத் தாண்டினால் உயர் கறவைப் பசுக்களுக்கு அயர்ச்சி தொடங்குவதாகக் கொள்வர். உலர்ந்த உள்நாட்டில் 40, 20 டிகிரி எனில் குறியீடு 83.8. ஈரமான கடற்கரையில் 33, 28 டிகிரி எனில் அது 84.5. வெப்பமானி 7 டிகிரி குறைவாகக் காட்டினும் மாட்டின் துன்பம் குறையவில்லை என்பது இதனால் விளங்கும்.

இன வேறுபாடு

தார்பார்க்கர், சாகிவால், கிர் போன்ற நம் நாட்டினங்கள் வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் போன்ற குளிர்நாட்டு இனங்களின் கலப்பு பாலைப் பெருக்கியது உண்மையே. ஆயினும் அயல் இனப் பங்கு ஏற ஏற வெப்பத்தைத் தாங்கும் திறன் குறைகிறது. கலப்பினப் பெருக்கத்தின் பயனை மதிப்பிடுகையில் கோடை இழப்பையும் கழித்தே பார்க்க வேண்டும்.

எருமையின் நிலை வேறு. முர்ரா இனத்தின் தாயகமான ஹரியாணாவில் மே, ஜூன் மாதங்களில் கடும் வெப்பம் நிலவுகிறது. கருந்தோல் வெயிலை ஈர்க்கிறது. வியர்வைச் சுரப்பிகளோ பசுவை விடக் குறைவு. எனவேதான் எருமை குட்டையை நாடுகிறது. ஊர்க் குட்டைகள் தூர்ந்தாலோ ஆக்கிரமிக்கப்பட்டாலோ அதன் இயற்கையான குளிர்ச்சி வழி அடைபடுகிறது. மேலும் கோடையில் எருமையின் பருவ அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரிவதில்லை. சினைப்படுத்தும் தருணம் தவறினால் அடுத்த பருவத்திற்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

இழப்பின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நாளொன்றுக்கு 8 லிட்டர் தரும் எருமை கோடையில் 6 லிட்டரே தருமாயின் 90 நாளில் இழப்பு 180 லிட்டர். நான்கு பருவங்கள் தவறினால் அடுத்த ஈற்று ஏறத்தாழ மூன்று மாதம் தள்ளிப்போகும். அக்காலத்தில் தீவனச் செலவு உண்டு, பால் வருவாய் இல்லை. ஓரிரு மாடுகளையே நம்பிய குடும்பம் இதனைக் கடன் வாங்கியே ஈடுசெய்ய நேரும்.

செய்யத்தக்கவை

தீர்வுகள் எளியவை. கிழக்கு மேற்காக நீண்ட, உயர்ந்த, காற்றோட்டமுள்ள கொட்டகை; கூரைமேல் வெள்ளைப் பூச்சு அல்லது வைக்கோல்; நாள் முழுதும் குளிர்ந்த குடிநீர்; தாது உப்பு; அதிகாலையிலும் இரவிலும் தீவனம் ஆகியன பெரும் பயன் தரும். வறண்ட பகுதிகளில் நீர் தெளிப்பது நன்று. ஈரமான கடற்கரையில் காற்றோட்டமின்றித் தெளித்தால் ஈரப்பதம் மிகுந்து தீங்கே விளையும்.

கணக்கிடுவதற்கும் புதிய அமைப்பு தேவையில்லை. கிராமப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்தோறும் பாலின் அளவையும் கொழுப்பையும் அன்றாடம் பதிவு செய்கின்றன. கறவையிலுள்ள மாடுகளின் எண்ணிக்கையையும் பசுந்தீவன நிலையையும் கருத்திற்கொண்டு, அப்பதிவேட்டை அப்பகுதியின் வெப்ப-ஈரப்பதக் குறியீட்டுடன் ஒப்பிட்டால் இழப்பின் அளவு புலப்படும். அந்த அளவு தெரிந்தால், கொட்டகைக் கடனுக்கும் குட்டைச் சீரமைப்புக்கும் உரிய நிதியை மாவட்ட அலுவலர்கள் ஆதாரத்துடன் கோரலாம். நிழலும் நீரும் பால் உற்பத்திக்கான மூலதனமே. அவற்றுக்குத் திட்ட ஒதுக்கீட்டில் உரிய இடம் கிடைத்தால்தான் சிறு உற்பத்தியாளரின் கோடை வருவாய் நிலைபெறும்.